ஜெர்மனியில் கார் தொழிற்சாலையும் வாடகைக் காரும்: எதை முதலில் வைத்துக்கொள்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் மனைவியோடும் பத்து வயது மகனோடும் ஜெர்மனிக்குப் போகிறார். பையனுக்குக் கார் என்றால் உயிர். அதனால் கார் தொழிற்சாலை ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். விமான நிலையத்தில் இறங்கியதுமே வாடகைக் கார் எடுத்து, அதிலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டு, அப்படியே ஆட்டோபான் என்கிற ஜெர்மன் விரைவு நெடுஞ்சாலையில் ஒரு கை பார்க்க வேண்டும். எந்தத் தொழிற்சாலை, எந்தக் கார், எவ்வளவு வேகம் என்று கேட்கிறார்.

முதலில் வரிசையை மாற்றுங்கள். தொழிற்சாலைக்கு ரயிலில் போங்கள். காரைப் பிறகு எடுங்கள். ஜெர்மனியில் பார்க்கத் தகுந்த கார் ஆலைகளில் பல, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. அங்கே கார் உங்களுக்கு வெறும் பாரம். தவிரவும், இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த கண்ணோடு, சாலையின் பழக்கமில்லாத வலப்பக்கத்தில், இதுவரை தொட்டிராத காரை ஓட்டத் தொடங்குவது வேண்டாத வேலை. இரண்டு நாள் நடைபாதையில் நின்று வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்று பார்த்தாலே பாதிப் பழக்கம் வந்துவிடும்.

எந்த ஆலை என்றால், முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மியூனிக்கில் உள்ள பி.எம்.டபிள்யூ. யூ3 சுரங்க ரயிலில் ஒலிம்பியாசென்ட்ரும் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் எதிரே நான்கு உருளைகளை ஒட்டிவைத்த கோபுரமாகத் தலைமையகம், பக்கத்தில் கிண்ணம் போன்ற அருங்காட்சியகம், இந்தப் பக்கம் 2007-இல் திறந்த பி.எம்.டபிள்யூ. வெல்ட் என்கிற காட்சிக்கூடம். வெல்டுக்குள் நுழையக் கட்டணமில்லை. அருங்காட்சியகத்துக்கு உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. ஆலை இவற்றின் பின்னாலேயே இருக்கிறது. ஊர் நான்கு பக்கமும் நெருக்கிவிட்டதால் அகலவாட்டில் வளர இடமில்லாமல் மாடி மாடியாக ஏறியிருக்கிறது. அந்த நெருக்கடியில்தான் நாளொன்றுக்கு ஆயிரம் கார் வரை வெளியே வருகின்றன.

இங்கே இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2027 இறுதியிலிருந்து மியூனிக் ஆலையில் மின்கார்கள் மட்டுமே தயாராகும் என்று நிறுவனம் 2024-இல் அறிவித்தது. எஞ்சின் தயாரிப்பை ஆஸ்திரியாவின் ஸ்டையருக்கும் இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலுக்கும் மாற்றிவிட்டு, அந்த இடத்தில் புதிய கூடத்தை எழுப்பினார்கள். பெட்ரோல் காரும் மின்காரும் ஒரே வரிசையில் வருவதை அங்கே பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது? முதலில் அழுத்தக் கூடம். சுருளாக வந்த தகடு பேரழுத்த எந்திரத்தின் அடியில் போய் அடுத்த நொடியில் கதவாக வெளியே வரும். அடி விழும்போது தரை அதிர்வது காலில் தெரியும். அடுத்தது உடற்கூடு. ஆள் நடமாட்டமே இல்லாத கம்பிக் கூண்டுகளுக்குள் ரோபோக்கள் தகடுகளைப் பிடித்துப் புள்ளிப் பற்றவைப்பு செய்யும். ஒரு காரின் கூட்டில் இப்படிப் பல ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பாய்வது ஆயிரக்கணக்கான ஆம்பியர் என்பதால் சுற்றிலும் காந்தப்புலம் வலுவாக இருக்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்ணக் கூடத்தைப் பெரும்பாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் காட்டுவார்கள். தூசு போகக் கூடாது. முழுக் கூட்டையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏற்றி, அதன்மேல் இடைப்பூச்சு, நிறம், பளபளப்பு என்று அடுக்குகிறார்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். வாடகைக் காரின் கதவில் சாவி உரசினால் ஏன் அவ்வளவு கேட்கிறார்கள் என்பது இங்கே புரியும்.

என் கணக்கில் நின்று பார்க்க வேண்டிய இடம் பொருத்தும் வரிசை. ஒரு நிலையத்தில் ஒரு காருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் தொழிலாளி தம் வேலையை முடித்து, கருவியை மாட்டிவிட்டு, அடுத்த காருக்குத் திரும்பிவிடுவார். பரபரப்பு எதுவும் தெரியாது. கை தன் பாட்டுக்குப் போய்வரும். உள்ளே எளிதாக நுழைவதற்காகக் கதவுகளை முதலிலேயே கழற்றித் தனி வரிசையில் அனுப்பிவிடுகிறார்கள். கடைசியில் அதே காருக்கு அதே கதவுகள் வந்து சேரும். மேலிருந்து கூடு இறங்க, கீழிருந்து எஞ்சினும் அச்சும் ஏறி இரண்டும் பூட்டிக்கொள்ளும் கட்டத்துக்கு ஆலைகளில் கல்யாணம் என்றே பெயர். பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வரிசையில் வலப்பக்க ஸ்டியரிங் வைத்த காரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காரும் ஒரு தனி ஆர்டர் என்பதால் இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு நடுவே திடீரென்று ஒன்று வரும். அந்த நிமிடத்தில் அதே தொழிலாளி எதிர்ப்பக்கம் போய் அதே வேலையைச் செய்வார். மாறி மாறி வந்தாலும் அவருக்குத் தடுமாற்றமில்லை. நமக்கு வரப்போகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆலைச் சுற்று வேலை நாட்களில் மட்டும்தான். முன்பதிவு இல்லாமல் போய் நிற்க வேண்டாம். ஆங்கிலச் சுற்றுகளுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கோடையில் ஆலை மொத்தமாக மூடும் வாரங்கள் உண்டு. பெரும்பாலும் அது பள்ளி விடுமுறையில்தான் வந்து விழும், ஆகவே விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தேதியைப் பாருங்கள். குழந்தைகளுக்கான வயது வரம்பு ஆலைக்கு ஆலை வேறு. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். படம் எடுக்க அனுமதியில்லை.

மற்ற ஊர்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வோல்ஃப்ஸ்பர்க், ஃபோக்ஸ்வாகனுக்காகவே 1938-இல் எழுப்பிய ஊர். பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கால்வாயின் அக்கரையில் நான்கு புகைபோக்கிகளோடு ஆலை நிற்கும். 2000-இல் திறந்த ஆட்டோஸ்டாட் பூங்காவில் 48 மீட்டர் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், ஒவ்வொன்றிலும் 400 புதிய கார்கள். வாங்கியவருக்கான காரை எந்திரக் கை மேலிருந்து எடுத்து இறக்குவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிக்காது. பத்து வயதுப் பையனுக்கு மியூனிக்கைவிட இதுவே பிடிக்கலாம். (இந்த நிறுவனம் 1973 முதல் சொந்தமாகத் தொத்திறைச்சியும் தயாரிக்கிறது, அதற்கும் உதிரிபாகங்களுக்குப் போல ஒரு பாக எண் உண்டு.) லைப்சிக்கில் சாஹா ஹதித் வடிவமைத்து 2005-இல் திறந்த பி.எம்.டபிள்யூ. ஆலையில், அலுவலக மேசைகளின் தலைக்கு மேலேயே கார்க் கூடுகள் ஊர்ந்து போகும். கட்டடக்கலையில் ஆர்வமிருந்தால் தவறவிடாதீர்கள். ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ், போர்ஷே இரண்டின் அருங்காட்சியகங்களும் அருமை. டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர்களோடு ஃபோக்ஸ்வாகன் கட்டிய கார் ஆலையைப் பழைய வழிகாட்டி நூல்கள் இன்னும் பரிந்துரைக்கும். அங்கே கார் தயாரிப்பை 2025 முடிவோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இனி கார். வெளிநாட்டு உரிமத்தோடு சுற்றுலாவாக வருகிறவர் ஜெர்மனியில் ஓட்டலாம்; கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டோ, உரிமத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். மூல உரிமத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டு மட்டும் செல்லாது. கடன் அட்டை ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். முன்பணம் அதில்தான் முடக்கப்படும். மனைவியின் அட்டை, கணவரின் உரிமம் என்று போய் நின்று காரில்லாமல் திரும்பியவர்கள் ஏராளம். மகன் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் 12 வயது நிறையும் வரை அவனுக்கேற்ற இருக்கை கட்டாயம், முன்பதிவிலேயே கேளுங்கள்.

விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் எடுத்தால் இடத்துக்கென்று கூடுதல் கட்டணம் சேரும். ஊருக்குள் உள்ள கிளையில் எடுத்தால் பெரும்பாலும் குறையும். ஆனால் அங்கே சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதே இல்லை. எனவே திட்டம் இப்படி இருக்கட்டும்: வெள்ளிக்குள் ஆலையைப் பார்த்துவிடுங்கள், சனி காலை காரை எடுங்கள், அன்று சிறிய சாலைகளில் பழகுங்கள், ஞாயிறு ஆட்டோபானில் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு முதல் இரவு 10 மணி வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குத் தடை. வார நாட்களில் வலத் தடம் முழுக்க லாரி மதிலாக இருக்கும் அதே சாலை, ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும்.

எந்தக் கார் என்றால், ஆட்டோமேட்டிக். இதில் பேச்சே வேண்டாம். கியரை வலக்கைக்கு மாற்றிப் பழகுவதை இந்தப் பயணத்தில் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் பதிவு செய்வது ஒரு மாதிரியை அல்ல, ஒரு வகுப்பை. படத்தில் இருக்கும் கார்தான் கிடைக்கும் என்று பையனிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவில் சிறியதையே எடுங்கள். பழைய ஊர்களின் அடுக்கு நிறுத்தகங்களில் தூண்களுக்கு நடுவே நுழைக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

காப்பீடுதான் வாடகை நிறுவனத்தின் மேசையில் நடக்கும் உண்மையான பேரம். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி எப்போதும் சேர்ந்தே வரும். காரின் சேதத்துக்கான காப்பீட்டில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை என்று ஒன்று இருக்கும். அது ஆயிரம் யூரோவையும் தாண்டலாம். அதைச் சுழியமாக்கும் திட்டத்தை மேசையில் விற்பார்கள். வெளியே தனி நிறுவனத்திடம் வாங்கினால் மலிவு. வேறுபாடு என்னவென்றால், வெளியே வாங்கியதில் முதலில் உங்கள் அட்டையிலிருந்து பணம் போகும், பிறகு நீங்கள் தாள்களை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். தாள் அனுப்பப் பொறுமை இல்லாதவர்கள் மேசையிலேயே வாங்கிவிடலாம்; அதில் வெட்கமில்லை. எதை வாங்கினாலும் கண்ணாடி, டயர், அடிப்பகுதி ஆகியவை உள்ளே வருகின்றனவா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். குளிர்காலம் என்றால் மலையும் பனித்துளியும் சேர்ந்த சின்னம் பொறித்த டயரா என்று பாருங்கள். பனியும் உறைபனியும் உள்ள சாலையில் அது கட்டாயம். எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் பொறித்த டயர் 2024 அக்டோபர் முதல் போதாது.

சாவியைத் தந்ததும் காரைக் கிளப்பாதீர்கள். நிறுத்தகத்தில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நான்கு சக்கர வளையங்களையும், பம்பரின் கீழ்விளிம்பையும், முன்கண்ணாடியையும், கூரையையும் வீடியோ எடுங்கள். இருக்கும் கீறல் தாளில் எழுதப்படவில்லை என்றால் திரும்பிப் போய் எழுதவையுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

சக்கர வளையத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவருக்குக் காரின் பெரும்பகுதி தமக்கு இடப்பக்கம் இருப்பதாகவே உடம்பில் பதிந்திருக்கும். இப்போது இடப்பக்கம் உட்காரும்போது, பழைய நினைவில், தடத்தில் தாம் வழக்கமாக இருக்கும் இடத்துக்கு வந்து உட்காருவார். கார் முழுவதும் வலப்பக்கம் தள்ளிப்போய்விடும். விளைவு, நிற்கும் கார்களின் பக்கக் கண்ணாடியும் நடைபாதை ஓரமும் வலச் சக்கரத்தைத் தேடி வரும். கழுத்து கூசும் அளவுக்கு நடுக்கோட்டின் பக்கம் நெருங்கி ஓட்டுவதாகத் தோன்றினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். பக்கத்தில் இருப்பவரை வலது ஓரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எல்லோரும் பயப்படுவது ஆட்டோபானுக்கு. உண்மையில் அதுதான் ஓட்ட எளிது: எல்லோரும் ஒரே திசை, சந்திப்பு இல்லை, சைக்கிள் இல்லை. சோதனை ஊருக்குள் இருக்கிறது. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் எவ்வளவு சிறிய சந்திலிருந்து வந்தாலும் சரி, நீங்கள் எவ்வளவு அகலமான தெருவில் போனாலும் சரி. அவர் நிற்கமாட்டார், பார்க்கவும் மாட்டார், ஏனென்றால் உரிமை அவருடையது. 30 என்று எழுதிய குடியிருப்புப் பகுதிகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் இது வரும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் மட்டும் முன்னுரிமை உங்களுக்கு. வலப்பக்கம் திரும்பும்போது தோளுக்கு மேலே எட்டிப் பாருங்கள்; நேரே போகும் சைக்கிள்காரருக்கு வழிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகையைத் தாண்டியதும் வரம்பு 50 கி.மீ.; அதற்கென்று வேறு எண் பலகை வைக்கமாட்டார்கள். அதே பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது, இனி 100. வேகத்தைப் பிடிக்கும் புகைப்படக் கருவி பெரும்பாலும் முதல் பலகையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே காத்திருக்கும். ஊருக்குள் 16 முதல் 20 கி.மீ. கூடினால் 70 யூரோ, 21 முதல் 25 என்றால் 115. 2024 ஜூலைக்குப் பின் ஐரோப்பாவில் விற்ற புதிய கார்கள் அனைத்திலும் வேக எச்சரிக்கை கட்டாயம் என்பதால் வரம்பைத் தாண்டினால் கார் கத்தும். தடம் விலகினால் ஸ்டியரிங்கை இழுக்கும். அது பழுதில்லை. சிலவற்றை அணைக்கலாம், ஆனால் மறுபடி கிளப்பும்போது அதுவே உயிர்பெற்றுவிடும். பழகுகிற வரை கத்தட்டும், உங்களுக்கு நல்லதுதான். ஊருக்குள் நிறுத்தும் இடத்தில், வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டைக் கடிகாரத்தை வைக்கச் சொல்லிப் பலகை இருந்தால், வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக்கு முள்ளை வைத்துக் கண்ணாடியின் பின்னால் வையுங்கள். காருக்குள் ஒன்று இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள்.

கடைசியாக வேகம். ஆட்டோபானின் ஏறக்குறைய 70 விழுக்காடு நீளத்துக்கு வரம்பு இல்லை, 130 கி.மீ. பரிந்துரை வேகம். 130-ஐத் தாண்டி ஓட்டுவது குற்றமில்லை, ஆனால் விபத்து நேர்ந்தால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும், நீதிமன்றம் பொறுப்பில் ஒரு பங்கை உங்கள் மேல் வைக்கலாம். இன்னொரு கணக்கு: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரப்படி 130-இல் நிற்க 208 மீட்டர் ஆகும், 180-இல் 378 மீட்டர். குடும்பத்தோடு போகிறவருக்கு 130 தாராளம். ஆசைக்கு ஒரு முறை, வறண்ட சாலையில், மூன்று தடப் பகுதியில் 160 தொட்டுப் பார்த்துவிட்டு வலத் தடத்துக்கு வந்துவிடுங்கள்.

இடத் தடம் முந்துவதற்கு மட்டும். நீங்கள் 120-இல் முந்தப் புறப்படுகிறீர்கள், பின்னால் 300 மீட்டரில் ஒரு கார் 200-இல் வருகிறது என்றால் 14 நொடிகூட ஆகாது, அது உங்கள் பின்னால் இருக்கும். கண்ணாடியில் ஒரு முறை பார்த்தால் தூரம் தெரியும், இரண்டு முறை பார்த்தால்தான் வேகம் தெரியும். வலப்பக்கமாக முந்தக் கூடாது. நெரிசலில் வண்டிகள் நத்தை வேகத்துக்கு வந்ததுமே, ஆம்புலன்ஸ் ஒலி கேட்கும் வரை காத்திருக்காமல், இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் எல்லோரும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவே வழி விட வேண்டும். விடாவிட்டால் அபராதம் 200 யூரோவில் தொடங்குகிறது. ஒரு மாதம் ஓட்டத் தடையும் உண்டு.

கார்களுக்குச் சாலைச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ எட்டிப் பார்க்க நினைத்தால் இரண்டுக்கும் நெடுஞ்சாலை வில்லை (சுங்கம் கட்டியதற்கான ஸ்டிக்கர்) வாங்க வேண்டும், வாடகை நிறுவனத்திடம் முன்பே சொல்லவும் வேண்டும். எரிபொருளை நீங்களே நிரப்பி, பிறகு உள்ளே போய் பம்பின் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுவீர்கள். சூப்பர் என்று எழுதியவை பெட்ரோல். டீசல் குழாயை எடுத்துவிடாதபடி மூடியின் உட்பக்கம் பாருங்கள். ஆட்டோபானிலேயே உள்ள நிலையங்களில் விலை கூடுதல், வெளியேறி அடுத்த ஊரில் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். சாவிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், அலுவலகம் திறக்கும் வரை பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் இருக்கும். நிரப்பிய ரசீதையும், வந்து நிறுத்தியபோது எடுத்த வீடியோவையும் சில மாதம் அழிக்காதீர்கள். வேக அபராதம் இருந்தால் முதலில் வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை அட்டையில் எடுக்கும். அது அபராதம் இல்லை. அபராதக் கடிதம் தனியாக வரும்.